ஒரே நெட் கனெக்‌ஷன், ரெண்டு கம்ப்யூட்டர்: சுவிட்சா, ரவுட்டரா?

கேள்வி, தங்கச்சிமடத்திலிருந்து, 8 ஜூன் 2024

அண்ணே, வீட்டுல பைபர் நெட் இருக்கு. முன் ரூம்ல என் டெஸ்க்டாப். தங்கச்சி காலேஜ் சேர்ந்திருக்கா, அவளுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியாச்சு. ரெண்டுலயும் நெட் வேணும். ராமநாதபுரத்துல ஒரு கடையில "சுவிட்ச் போதும், ரவுட்டர்லாம் தண்டம்"ங்கறாங்க. பக்கத்து வீட்டு மாமா "ஒண்ணை ரெண்டாப் பிரிச்சா ஸ்பீடு பாதியாயிரும், இன்னொரு கனெக்‌ஷன் எடுத்துருங்க"ங்கறார். எது சரி?

8 ஜூன் 2024, இரவு

இன்னொரு கனெக்‌ஷன் எடுக்காதே. மாசாமாசம் தண்டச் செலவு. சுவிட்ச்ங்கறது ஒரு நெட் வயரைப் பல போர்ட்டாப் பிரிச்சு விடற பெட்டி; ரவுட்டர் ஒரே லைனை எல்லா மெஷினுக்கும் பங்கிடற பெட்டி. எது வேணும்ங்கறது ஆபரேட்டர் மாட்டிட்டுப் போன பைபர் பெட்டியைப் பொறுத்தது.

நீ இப்ப நெட்டுக்குள்ள எப்படிப் போற? கம்ப்யூட்டரை ஆன் பண்ணி, பிராட்பேண்ட் ஐகானை அழுத்தி, யூசர் நேம் பாஸ்வேர்டு போட்டு டயல் பண்றியா? அப்படின்னா உன் பெட்டி பிரிட்ஜ் மோட்ல இருக்கு. லைனைக் கொண்டாந்து கம்ப்யூட்டர்கிட்ட விடறதோட அதோட வேலை முடிஞ்சது. பெரும்பாலும் அந்த யூசர் நேம்ல ஒரு நேரத்துக்கு ஒரு மெஷின்தான் உள்ள போக முடியும். சுவிட்ச் வாங்கி ரெண்டையும் சொருகினா முதல்ல டயல் பண்ணினது உள்ள போயிரும், அடுத்தது 691 எரர் காட்டி வாசல்லயே நிக்கும். இதுக்கு ரவுட்டர்தான் வேணும்.

ஆன் பண்ணினதும் நெட் தானா வருதுன்னா பெட்டிக்குள்ளயே ரவுட்டர் இருக்கு. பின்னாடி லேன் போர்ட் (நெட் வயர் சொருகற இடம்) காலியா இருந்தா லேப்டாப்பைச் சொருகு, முடிஞ்சது. ஒரு பைசா செலவில்லை. போர்ட் பத்தலைன்னா மட்டும் சுவிட்ச். அந்த இடத்துல கடைக்காரர் சொன்னது சரி.

சந்தேகமா இருந்தா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடி. பிபிபி அடாப்டர்னு ஒரு பகுதி வந்தா கம்ப்யூட்டர்தான் டயல் பண்ணுது. அது இல்லாம டீஃபால்ட் கேட்வே 192.168னு ஆரம்பிச்சா ரவுட்டர் ஏற்கெனவே வீட்டுல இருக்கு.

9 ஜூன் 2024

மாமா சொன்ன பாதி கணக்கு. இதை உச்சிப்புளியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் எல்லா வீட்லயும் கேக்குறேன், அதனால தனியா எழுதுறேன்.

ரவுட்டர் லைனை ரெண்டா அறுத்து ஆளுக்குப் பாதி கொடுக்கறதில்லை. யார் கேக்குறாங்களோ அவங்களுக்கு அந்த நேரத்துல கொடுக்குது. எம்பிபிஎஸ்ங்கறது நெட் வேகத்தோட அளவு. தங்கச்சி தூங்கினா முழு 100 எம்பிபிஎஸ்ஸும் உனக்கு. அவ ஹெச்டி வீடியோ பார்த்தா 5 எம்பிபிஎஸ் பக்கம் போகும், மிச்சம் உனக்குத்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பெரிய பைல் இறக்கினாத்தான் பங்கு பிரியும். ஒரு வீட்டுல அது எத்தனை தடவை நடக்கும்?

9 ஜூன் 2024, கொஞ்சம் கழிச்சு

"ஒரு லைன், ஒரு ஐபி முகவரி, ரெண்டு கம்ப்யூட்டர். யாருக்கு எதுன்னு எப்படித் தெரியும்?"னு கேட்டிருக்க. நல்ல கேள்வி.

ஒரே கதவு எண் உள்ள வளவுல ரெண்டு குடித்தனம் இருக்குன்னு வை. வாசல்ல இருக்கிற ஆள் யார் எந்தக் கடிதம் போட்டாங்கன்னு நோட்டுல எழுதி வச்சுக்கிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரியவங்ககிட்ட கொடுக்கிறார். ரவுட்டர் செய்யறதும் இதுதான். வெளிய ஒரு முகவரி, உள்ள 192.168.0.2, 192.168.0.3னு தனித்தனி முகவரி. உள் முகவரியை ரவுட்டர்ல இருக்கிற டிஹெச்சிபிங்கற வசதி தானா கொடுத்துரும். மாத்தி அனுப்புற வேலைக்கு நாட் (NAT)னு பேர்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடுன்னா, பழைய முறை ஐபி முகவரி மொத்தமே 429 கோடி சொச்சம்தான். அது பத்தாதுன்னு அப்பவே தெரிஞ்சு 1994-ல நாட் முறையை எழுதி வச்சாங்க. வீடு, ஆபீஸ் மாதிரி உள் உபயோகத்துக்குன்னு 192.168, 10, 172.16-ல இருந்து 172.31 வரைன்னு மூணு தொகுதியை ஒதுக்கி வச்சாங்க. அதனாலதான் உன் வீட்லயும் 192.168, என் கடையிலயும் 192.168. உலகப் பொதுக் கையிருப்புல இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3-ல பிரிச்சுக் கொடுத்து முடிச்சாங்க.

ரவுட்டர் வர்றதுக்கு முன்னாடி ஒரு கம்ப்யூட்டர்ல ரெண்டு லேன் கார்டு போட்டு அதையே வாசல் ஆளா வச்சிருந்தோம். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்புல இருந்து அந்த வசதி இருக்கு. இன்னிக்கும் இருக்கு. ஆனா உன் டெஸ்க்டாப் ஓடினாத்தான் தங்கச்சிக்கு நெட். அந்த வம்பு வேண்டாம்.

15 ஜூன் 2024

பிரிட்ஜ் மோட்தான்னு போட்டோ அனுப்பியிருந்த. ரவுட்டரும் வாங்கிட்ட. இனி செய்ய வேண்டியது.

பைபர் பெட்டியோட லேன் போர்ட்ல இருந்து வர்ற வயரை ரவுட்டரோட வான் (WAN) போர்ட்ல, அதாவது வெளி லைன் நுழையுற போர்ட்ல சொருகு. அது மட்டும் தனி நிறத்துல, பெரும்பாலும் நீலத்துல இருக்கும். இதை லேன் போர்ட்ல சொருகிட்டு "ரவுட்டர் கம்ப்ளெயின்ட்"னு என் கடைக்குக் கொண்டு வர்றவங்க நிறைய. டெஸ்க்டாப்பை லேன் 1-ல சொருகு. பிரவுசர்ல ரவுட்டர் அடிப்பாகத்துல எழுதியிருக்கிற முகவரியை அடி. அங்க வான் செட்டிங்ஸ் பக்கத்துல பிபிபிஓஇ (PPPoE, டயல் பண்ற முறை) தேர்ந்தெடுத்து உன் யூசர் நேம் பாஸ்வேர்டைப் போடு. டெஸ்க்டாப்ல இருந்த பழைய டயல் ஐகானை அழிச்சுரு, இல்லன்னா வீட்ல யாராவது பழக்கத்துல அழுத்திக்கிட்டே இருப்பாங்க.

அதுக்கப்புறமும் நெட் வரலைன்னா ரெண்டு விஷயம் பார்க்கணும். சில ஆபரேட்டர்கள் உன் டெஸ்க்டாப்போட மேக் முகவரியை (லேன் கார்டோட அடையாள எண்) பதிஞ்சு வச்சு அதுக்கு மட்டும் வழி விடுவாங்க. ரவுட்டர்ல மேக் குளோன்னு இருக்கும், டெஸ்க்டாப்புல இருந்து அதை அழுத்தினாப் போதும். இன்னொண்ணு, பெட்டியும் ரவுட்டரும் ரெண்டுமே 192.168.1.1-ல உக்காந்திருந்தா முட்டிக்கலாம். ரவுட்டரை 192.168.0.1-க்கு மாத்திரு.

வைஃபை பாஸ்வேர்டு தனி, ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டு தனி. அட்மினை அட்மின்னே விட்டு வைக்காதே. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு இல்லாம வைஃபைல சேர்க்கிற வசதி) பட்டனை செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணு.

16 ஜூன் 2024

ஓடுதா, சந்தோஷம்.

2 ஜூலை 2024

"தங்கச்சி ரூம் பின்கட்டுல இருக்கு, வைஃபை ரெண்டு கோடுதான் காட்டுது, பெரிய ஆன்டெனா ரவுட்டரா மாத்தட்டுமா?"

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது: நம்ம கரையில காசை ஆன்டெனாவுல போடாதீங்க, வயர்ல போடுங்க.

முதல்ல செலவில்லாத வழி. வைஃபை ரெண்டு அலைவரிசையில வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா சுவர் தாண்டினா தொய்ஞ்சுரும். 2.4 கொஞ்சம் மெதுவு, சுவரைத் தாண்டும். பின்கட்டு லேப்டாப்பை 2.4-ல போடு. சேனல் 1, 6, 11 இந்த மூணுல அக்கம்பக்கத்துல யாரும் அதிகம் இல்லாததை வை, ஏன்னா இந்த மூணும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாதது. ரவுட்டரை டிவி பின்னாடி ஒளிச்சு வைக்காம ஆள் உயரத்துல மாட்டு.

அதுக்கப்புறமும் பத்தலைன்னா பின்கட்டு வரைக்கும் ஒரு லேன் வயர் இழு. 100 மீட்டர் வரைக்கும் போகும், உன் வீட்டுக்கு அதுல நாலுல ஒரு பங்கு கூட வேண்டாம். ஆனா எந்த வயர்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. மலிவா கிடைக்கிறதுல நிறைய, அலுமினியக் கம்பிக்கு மேல செம்பு முலாம் பூசினது. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். பிளேடால லேசா சுரண்டிப் பாரு: உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம், கடைசி வரைக்கும் சிவப்பா இருந்தா சுத்தச் செம்பு. உள்ளூர்க்காரங்க ஊர்ல இந்த முலாம் வயர் நாலஞ்சு வருஷம் ஓடலாம். இங்க கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல ஜன்னல் கம்பியில நாக்கை வச்சா உப்புக் கரிக்கும். அந்த உப்பு ஈரம் முலாம் விட்டுப்போன இடத்துல புகுந்து அலுமினியத்தைப் பொடியாக்கிரும். உப்பு போட்டா கருவாடு நிக்கும், வயர் நிக்காது.

பாம்பன்ல ஒரு வீட்ல, ஒரு நாளைக்கு நாலு தடவை நெட் விழுதுன்னு கூப்பிட்டாங்க. புது ரவுட்டரே வாங்கி வச்சிருந்தாங்க, அப்பவும் விழுந்தது. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழ வயர் ஜாக்கை உருவினேன். எட்டுப் பின்னும் தங்க நிறத்துல மின்னணும். ஓரத்துல ரெண்டு பின் மேல பச்சையாக் களிம்பு, நகத்தால சுரண்டினா மாவு மாதிரி உதிருது. ஜாக்கை வெட்டி, ரெண்டு விரல்கடை பின்னால போய், பளிச்சுன்னு செம்பு தெரியுற இடத்துல புது ஜாக் அடிச்சேன். அன்னிக்கு இருந்து அந்த வீட்ல இருந்து போன் இல்லை.

3 ஜூலை 2024

நேத்து எழுதினதுல "உள்ளூர்க்காரங்க ஊர்"னு போட்டது புரியலைன்னு ஒருத்தர். கடல்ல இருந்து உள்ள தள்ளி இருக்கிற ஊருங்களைச் சொன்னேன், பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம்.

11 ஜூலை 2024

மண்டபத்துல ஒருத்தர், விசைப்படகு ரேடார் போட்டதும் வைஃபை போகுதுங்கறார். படகு ரேடார் பெரும்பாலும் 9.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். படகு வயர்லெஸ் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம். உங்க வைஃபை 2.4-லயும் 5-லயும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லை. 5 கிகாஹெர்ட்ஸ்ல 52-ல இருந்து 144 வரை உள்ள சேனல்கள்ல மட்டும், வானிலை ரேடார் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா ரவுட்டர் தானா வேற சேனலுக்கு விலகணும்னு விதி. 36-ல இருந்து 48-க்குள்ள வச்சுட்டா அந்தக் கேள்வியே வராது. படகுக்காரங்களைத் திட்டாதீங்க.

20 ஆகஸ்ட் 2024

கீழக்கரை லாத்தா (அக்கா) கேட்டது: "மகன் துபாய்ல. ரவுட்டர் மாத்தினதுல இருந்து வாட்ஸ்அப் கால் போகலை."

லாத்தா, ரவுட்டர் மேல பழி இல்லை. அமீரகத்துல வாட்ஸ்அப் வாய்ஸ், வீடியோ கால் அந்தப் பக்கமே தடுத்திருக்காங்க. மெசேஜ் போகும், வாய்ஸ் நோட் போகும், கால் போகாது. உங்க மகன் வேற நாட்டுல இருந்து துபாய்க்கு மாறினதும் ரவுட்டர் மாத்தினதும் ஒரே நேரத்துல நடந்திருக்கு, அதான் குழப்பம். அங்க அனுமதி உள்ள கால் ஆப் எதுன்னு மகன்கிட்ட கேட்டு அதையே இங்கயும் போட்டுக்கோங்க. உங்க வீட்டு ரவுட்டர்ல எந்த செட்டிங்கும் மாத்த வேண்டாம், யாராவது "சரி பண்றேன்"னு காசு கேட்டாலும் கொடுக்காதீங்க.

22 செப்டம்பர் 2024

தங்கச்சிமடம் தம்பி திரும்ப வந்திருக்கான். "யூடியூப்ல கடல் வீடியோ ஏத்தும்போது தங்கச்சி கிளாஸ் சிக்கிச் சிக்கி வருது. அப்ப மாமா சொன்ன பாதி கணக்கு நெசந்தானே?"

இல்லை. ஆனா ஜூன்ல நான் இறக்குற பக்கத்தை மட்டும் பேசினேன், ஏத்துற பக்கத்தையும் சேர்த்துப் பேசியிருந்தா இந்தக் கேள்விக்கு அப்பவே பதில் கிடைச்சிருக்கும். இப்ப பேசுவோம், ஏன்னா ரெண்டு கம்ப்யூட்டர் வீட்ல உண்மையான சண்டை இங்கதான்.

நீ ஒரு பெரிய வீடியோ ஏத்தும்போது உன் கம்ப்யூட்டர் லைன் தாங்குற அளவுக்கு மேலயே தள்ளிக்கிட்டு இருக்கும். தாங்காததை ரவுட்டரும் பைபர் பெட்டியும் வரிசையில நிறுத்தி வைக்கும். தங்கச்சியோட குரல் சின்னச் சின்னப் பாக்கெட்டா அதே வரிசைக்குப் பின்னால போய் நிக்குது. அவளுக்குத் தேவை 3 எம்பிபிஎஸ் கூட இல்லை, ஆனா நேரத்துக்குப் போகணும். வேகம் குறையலை, காத்திருப்பு கூடிருச்சு. அதுமட்டுமில்ல, அவ பக்கம் பைல் ஏதாவது இறங்கினா "வந்து சேர்ந்துச்சு"ன்னு திருப்பி அனுப்புற ரசீதும் அந்த வரிசையிலதான் நிக்கும். அதனால இறக்குறதும் இழுக்கும்.

சோதிச்சுப் பாரு. பிங்ங்கறது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற கட்டளை. கமாண்ட் பிராம்ப்ட்ல 8.8.8.8-க்கு (கூகுளோட சர்வர்) அதை நிறுத்தாம ஓட விடு. சும்மா இருக்கும்போது என்ன எண் காட்டுதுன்னு பாரு, அப்புறம் வீடியோவை ஏத்த ஆரம்பி. பத்து, இருபது, முப்பது மில்லிசெகண்டுன்னு இருந்தது நூறு, முன்னூறுன்னு ஏறினா நான் சொன்ன வரிசைதான்.

மருந்து ரவுட்டர்லயே இருக்கு. பேண்ட்வித் கன்ட்ரோல் இல்லன்னா கியூஓஎஸ்னு ஒரு பக்கம் இருக்கும். ஸ்பீடு டெஸ்ட்ல உன் அப்லோடு 50 வந்தா அங்க மொத்த அப்லோடு 43, 45-னு போடு. கொஞ்சம் விட்டுக்கொடுத்தா வரிசை உருவாகவே உருவாகாது. அதோட தங்கச்சி லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடு. உன் வீடியோ ஏற கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். அவ படிப்பு முக்கியம். அதுவும் முடியலைன்னா ராத்திரி ஏத்து.

24 செப்டம்பர் 2024

45-ல சரியாயிருச்சுன்னு எழுதியிருக்கான். பிங் முன்னூறுல இருந்து முப்பதுக்கு இறங்கியிருக்கு. கேக்கவே நல்லாருக்கு.

13 அக்டோபர் 2024

கரண்ட் கதை. மழை மாசம் வருது, எல்லாரும் கேப்பாங்க.

லேப்டாப்ல பேட்டரி இருக்கு, நெட் போறது ரவுட்டர் அணைஞ்சதால. ரவுட்டருக்குன்னே 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வருது, உள்ளங்கை அளவுதான். ஆனா ரவுட்டருக்கு மட்டும் கொடுத்துட்டு பைபர் பெட்டியை விட்டுட்டா ஒண்ணும் நடக்காது, வைஃபை கோடு முழுசாக் காட்டும், நெட் வராது. ரெண்டு அவுட்புட் உள்ளதா வாங்கு. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு அடாப்டரோட எழுத்தையும் படி: 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர்னு. பின்னோட நடுவுல பிளஸ்ஸான்னு அந்தச் சின்ன வட்டப் படத்தையும் பாரு.

எவ்வளவு நேரம் தாங்கும்? 2000 எம்ஏஹெச் செல் மூணு இருந்தா சுமார் 22 வாட் அவர். ரவுட்டர் 6 வாட், பெட்டி 5 வாட் இழுத்தா கணக்குக்கு ரெண்டு மணி நேரம், நடப்புல ஒன்றரைன்னு வச்சுக்க. பெட்டியில பெரிய எழுத்துல போட்டிருக்கிற "8 மணி நேரம்" ரொம்பச் சின்ன லோடுக்கு.

அதுக்கும் மேல போச்சுன்னா போன் ஹாட்ஸ்பாட். தனுஷ்கோடி பக்கம் உள்ளவங்க ரோமிங்கை ஆஃப்ல வச்சுக்கோங்க, அந்தப் பக்கத்து இலங்கை டவர் சில நேரம் பிடிச்சுரும்.

24 நவம்பர் 2024

20-ஆம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினதுக்கு அப்புறம் கடைக்கு வர்ற ரவுட்டர்களைப் பார்த்துட்டு எழுதுறேன்.

தண்ணி பெரும்பாலும் கூரை வழியா வரலை, வயர் வழியா வந்திருக்கு. மாடியில இருந்து நேரா சரிஞ்சு சுவர் ஓட்டைக்குள்ள நுழையுற வயர்ல மழை அப்படியே வழிஞ்சு உள்ள வந்து ஜாக்குல சொட்டும். ஓட்டைக்கு முன்னாடி வயரை ஒரு ஜாண் கீழ தொங்கவிட்டு, வளைச்சு மேல ஏத்தி உள்ள நுழை. தண்ணி அந்த வளைவோட அடியில சொட்டிப் போயிரும். ஓட்டையும் உள்பக்கத்தை விட வெளிப்பக்கம் தாழ்ந்து இருக்கணும். இது காசில்லாத வேலை, ஒவ்வொரு வீட்லயும் இன்னிக்கே செய்யலாம்.

இன்னொண்ணு, அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் மொட்டை மாடி வழியா லேன் வயர் இழுத்து ஒரே நெட்டைப் பகிர்றாங்க. வேண்டாம். செம்பு வயர் பக்கத்துல விழுற இடியோட மின்சாரத்தை ரெண்டு வீட்டுக்கும் கொண்டு போகும். பைபர் கண்ணாடி இழை, அது மின்சாரம் கடத்தாது. இடி இடிக்கும்போது அடாப்டரை மட்டும் உருவினா பத்தாது, கம்ப்யூட்டர்ல இருந்து லேன் வயரையும் உருவு.

பெட்டியில சிவப்பு லைட் சிமிட்டினா அது வெளி லைன் கோளாறு, ஆபரேட்டரைக் கூப்பிடு. பைபர் வயரோட பச்சை நிற ஜாக்கைக் கழட்டித் துணியால துடைக்காதே, நுனியைக் கண்ணுக்கு நேரா வச்சும் பாக்காதே.

1 டிசம்பர் 2024

"பிளானை 200-க்கு மாத்தினேன். டெஸ்க்டாப்ல 94-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. தங்கச்சி லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ்ல 180 காட்டுது."

94-ங்கறது அடையாளம். 100 எம்பிபிஎஸ் போர்ட் நடப்புல கொடுக்கிறது 94, 95தான். வைஃபைல 180 வருதுன்னா லைனும் வான் போர்ட்டும் ஜிகாபிட்தான், கோளாறு ரவுட்டருக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவுல இருக்கு. டெஸ்க்டாப் லேன் கார்டு ஜிகாபிட்டான்னு பார்த்துக்க. ஜிகாபிட்னா மிச்சம் வயர்தான்.

100-க்கு நாலு கம்பி போதும், 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலத்துலயோ பிரவுன்லயோ ஒண்ணு விட்டுப்போனா நெட் நிக்காது, சத்தமில்லாம 100-க்கு இறங்கிரும். உன் முன் ரூம் வயர் அந்தக் கடல் பக்க ஜன்னல் வழியாத்தானே வருது? ரெண்டு முனையையும் வெட்டு. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு பக்கமும் இதே வரிசை. அடிக்கிறதுக்கு முன்னாடி ஜாக்கோட நுனியை வெளிச்சத்துல பிடிச்சு எட்டு செம்புப் புள்ளியும் கடைசி வரை முட்டியிருக்கான்னு பாரு. கிரிம்பிங் டூல் இல்லைன்னா வயரைச் சுருட்டிக் கடைக்குக் கொண்டு வா, டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுறதைக் காட்டித் தர்றேன். சுரண்டிப் பார்த்து உள்ள வெள்ளையா இருந்தா ஜாக் மாத்துறதுல பிரயோஜனமில்லை, வயரையே மாத்திருவோம்.